மின் நிலையத்துக்கு உறுதி, வயலுக்கு இல்லை: மொரீஷியஸின் கரும்புச் சக்கை மின்சாரம் குறித்து ஒரு நிகழ்வு ஆய்வு

சிறிய நாடுகளின் உயிரி எரிசக்தி பற்றிப் பேச்செடுத்தால் முதலில் வரும் பெயர்களில் ஒன்று மொரீஷியஸ். மடகாஸ்கருக்குக் கிழக்கே, மொத்தம் சுமார் 2,040 சதுர கிலோமீட்டர் பரப்பு, பன்னிரண்டரை லட்சம் மக்கள். மண்ணுக்கடியில் நிலக்கரியும் இல்லை, எண்ணெயும் இல்லை. அண்டை நாட்டிலிருந்து மின்கம்பி இழுத்து மின்சாரம் வாங்கவும் வழியில்லை, சுற்றிலும் கடல். அப்படிப்பட்ட நாட்டில் 1957-லேயே செயிண்ட் அந்துவான் என்ற சர்க்கரை ஆலை, தன் தேவைக்குப் போக மிஞ்சிய மின்சாரத்தைப் பொது மின்கட்டமைப்புக்கு விற்றது. அடுத்த ஐம்பது ஆண்டுகளில் கரும்புத் தோட்டங்களுக்குள் இருக்கும், சக்கையோடு நிலக்கரியும் எரிக்கும் மின் நிலையங்களே நாட்டின் மின்சாரத்தில் பாதிக்கு மேல் தரும் நிலை வந்தது. ஆப்பிரிக்க, கரீபிய நாடுகளின் அதிகாரிகள் பார்த்துப் படிக்க வந்து போகும் இடமாக அது மாறியது.

இதே நாட்டின் இன்னொரு கணக்கையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். 2009-இல் வெளியான நீண்டகால எரிசக்தித் திட்டம், 2025-க்குள் மின்சாரத்தில் 35% புதுப்பிக்கத்தக்கதாக இருக்கும் என்றது. 2021-இல் அந்த இலக்கு 2030-க்குள் 60% ஆக உயர்ந்தது. ஆனால் 2023-இல் உண்மையில் இருந்தது 18 சதவீதத்தை ஒட்டித்தான். அதற்கு முந்தைய சில ஆண்டுகளைவிட இது குறைவு. சூரிய மின்பலகைகளும் காற்றாலையும் புதிதாகச் சேர்ந்த பிறகும் மொத்தப் பங்கு இறங்கியதற்குப் பெரிய காரணம், சக்கை குறைந்துபோனது.

இலக்கு மேலே போக, நிலைமை கீழே வந்தது எப்படி? என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மொரீஷியஸ் மின் நிலையம் கட்டுகிறவர்களுக்கு இருபது ஆண்டுக்கு விலை உறுதி கொடுத்தது. கரும்பு நடுகிறவர்களுக்கு அந்த உறுதியைக் கொடுக்கவில்லை. மற்ற கோளாறுகளில் பலவும் இங்கிருந்து கிளைத்தவை.

சக்கையின் கணக்கு

ஒரு டன் கரும்பை அரைத்தால் ஏறக்குறைய 300 கிலோ சக்கை மிஞ்சும். அதில் பாதி ஈரம். அந்த நிலையில் ஒரு கிலோ சக்கையின் வெப்பம், நல்ல நிலக்கரியின் வெப்பத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. பார்க்க மலைபோல் குவியும், எடை இருக்காது. சேமித்து வைக்க ஏராளமான இடம் வேண்டும். அதிக நாள் கிடந்தால் உள்ளே சூடேறித் தானாகவே தீப்பிடிக்கும். இந்தக் குணங்களால் சக்கையை ஆலையின் வாசலிலேயே, அரவை நடக்கும்போதே எரித்துவிடுவதுதான் எல்லா ஊரிலும் வழக்கம்.

பழைய ஆலைகளில் கொதிகலன் 20 பார் (நீராவி அழுத்தத்தை அளக்கும் அலகு) அழுத்தத்தில் ஓடியது. அன்றைக்கு ஆலைக்காரருக்குச் சக்கை ஒரு தொல்லை. மிஞ்சினால் எங்கே கொட்டுவது? அதனால் கொதிகலனின் செயல்திறனைக் குறைவாகவே வைத்து, அரைத்த சக்கை அத்தனையும் எரிந்து தீரும்படி வடிவமைத்தார்கள். அப்படிப்பட்ட ஆலையால் ஒரு டன் கரும்புக்கு வெளியே விற்க முடிந்தது பத்துப் பதினைந்து யூனிட்தான். அழுத்தத்தை 45 பார் அளவுக்கு ஏற்றினால் அது அறுபது யூனிட்டை ஒட்டி வரும். 82 பார் கொதிகலன் வைத்து, சாறு காய்ச்சச் செலவாகும் நீராவியையும் சிக்கனப்படுத்தினால் நூறைத் தாண்டும். அதே கரும்பு, அதே சக்கை. ஏழு முதல் பத்து மடங்கு மின்சாரம். 82 பார் என்பது இன்றைக்கு உலகத்தில் புதுமை இல்லை. ஆனால் 2000-ஐ ஒட்டி, இவ்வளவு சின்ன நாட்டில், சர்க்கரை ஆலைக்குள் அதைக் கொண்டுவந்து நிறுத்தியது பெரிய காரியம்.

தீவின் மொத்த மின் உற்பத்தி ஆண்டுக்குச் சுமார் 300 கோடி யூனிட். இரண்டாயிரத்தை ஒட்டிய நல்ல ஆண்டுகளில் 50 லட்சம் டன்னுக்கு மேல் கரும்பு அரைபட்டது. டன்னுக்கு 110 யூனிட் என்று வைத்தால் 55 கோடி யூனிட், அதாவது இன்றைய உற்பத்தியில் ஐந்தில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் கீழே. இப்போது அரைபடுவது அதில் பாதி, சுமார் 25 லட்சம் டன். இதே கணக்கில் 27 கோடி யூனிட், பத்தில் ஒன்றுகூட முழுசாக வராது. கொதிகலனில் இனி எவ்வளவு மெருகேற்றினாலும் இந்த இடைவெளியை அடைக்க முடியாது. உயிரி எரிசக்தியின் 'திறன்' என்று அறிக்கைகள் ஒரு எண்ணைப் போட்டுவிட்டு நகர்ந்துவிடுகின்றன. ஆனால் அந்த எண் ஒவ்வொரு ஆண்டும் வயலில் மறுபடி விளைய வேண்டிய ஒன்று.

எப்படிக் கட்டினார்கள்

தொடக்கத்தில் ஆலைகள் இஷ்டப்பட்டபோது கொடுத்தன, இல்லாதபோது நிறுத்தின. மத்திய மின்சார வாரியத்துக்கு அதனால் பெரிய பயன் இல்லை. தீவின் கிழக்கே யூனியன் ஃபிளாக்கில் இருக்கும் ஃபியூவல் என்ற கரும்புத் தோட்டத்தில் 1985-இல் வந்த நிலையம்தான் திருப்பம். அரவைப் பருவத்தில் சக்கை, மற்ற மாதங்களில் நிலக்கரி என்று ஆண்டு முழுக்க ஓடும் நிலையம் அது. வாரியம் நம்பித் திட்டமிடக்கூடிய 'உறுதி மின்சாரம்' அப்போதுதான் கரும்புத் தோட்டத்திலிருந்து கிடைத்தது.

அரசு இதைத் தற்செயலுக்கு விடவில்லை. 1985-இலும் 1988-இலும் சர்க்கரைத் தொழிலுக்கான சட்டங்கள், மின்சாரத்தில் முதலீடு செய்யும் ஆலைகளுக்கு வரிச் சலுகை கொடுத்தன. 1991-இல் சக்கை எரிசக்தி மேம்பாட்டுத் திட்டம் வந்தது. அப்போது உலக வங்கியின் கடனும் உலகச் சுற்றுச்சூழல் நிதியத்தின் மானியமும் பின்பலமாக இருந்தன. அந்தத் திட்டத்தில் முதலில் குறித்த நிலையம் நடக்காமல் போனதையும் சொல்ல வேண்டும். ஆனால் அதற்காகச் செய்த ஆய்வுகளும் விலை பேசிய அனுபவமும் வீணாகவில்லை. 2000-இல் வடக்கே பெல் வ்யூவில் 70 மெகாவாட், 2007-இல் தெற்கே லா பராக்கில் 90 மெகாவாட் என்று 82 பார் நிலையங்கள் எழுந்தன.

இவற்றுக்கு வங்கி கடன் கொடுத்ததற்குக் காரணம் ஒப்பந்தம். வாரியம் இருபது ஆண்டு வாங்குவதாகக் கையெழுத்திட்டது. சக்கை மின்சாரத்துக்கு ஒரு விலை, நிலக்கரி மின்சாரத்துக்கு இன்னொன்று. இந்த ஒப்பந்தங்களின் விவரம் பொதுமக்கள் பார்வைக்கு வராதது பெரிய சர்ச்சையாகவே நீடித்தது. விலை ஆலைக்காரர் பக்கம் அதிகம் சாய்ந்திருக்கிறது என்ற குற்றச்சாட்டு தேர்தல் மேடை வரை போனது. ஒரே வாங்குபவர், மூன்று நான்கு விற்பனையாளர் மட்டுமே இருக்கும் தீவில் போட்டி விலையை ஒழுங்குபடுத்தும் என்று நம்பி இருக்க முடியாது. அங்கே ஒப்பந்தத்தைத் திறந்து வைப்பது ஒன்றுதான் மக்களுக்குப் பாதுகாப்பு. அதைச் செய்யாதது இந்தத் திட்டத்தின் நல்ல பெயரையே அரித்தது.

பாராட்ட வேண்டிய ஒன்றும் இருக்கிறது. 1994-இல் சர்க்கரை ஏற்றுமதி வரியை நீக்கியபோது, அதற்குப் பதிலாக விவசாயிகளும் தொழிலாளர்களும் ஆலைகளில் பங்கு பெறும்படி சர்க்கரை முதலீட்டு அறக்கட்டளை அமைக்கப்பட்டது. பின்னால் அது மின் நிலையங்களிலும் பங்கு வாங்கியது. வெட்டுக்கூலிக்காரரும் மின் நிலையத்தில் பங்குதாரர் என்பது மற்ற கரும்பு நாடுகளில் அரிதாகக் காணும் ஏற்பாடு. பங்காதாயம் பெரிதாக இல்லாமல் இருக்கலாம். எங்களையும் கணக்கில் எடுத்தார்கள் என்ற எண்ணமே ஆலை மூடல்களின்போது பெரிய கலவரம் வராமல் தடுத்ததில் ஒரு பங்கு வகித்திருக்கும் என்று நினைக்கிறேன்.

நிலக்கரி என்ற துணை

கரும்பு வெட்டும் காலம் ஜூனிலிருந்து நவம்பர், டிசம்பர் வரை. தென் அரைக்கோளத்தில் அது குளிர்காலமும் வசந்தமும். தீவில் மின்தேவை உச்சத்துக்குப் போவது கோடையில், டிசம்பர் முதல் மார்ச் வரை, எல்லா வீட்டிலும் ஓட்டலிலும் ஏசி ஓடும்போது. ஆக, மின்சாரம் அதிகம் தேவைப்படும் மாதங்களில் சக்கை கையில் இல்லை. அந்த மாதங்களில் தோட்டத்து நிலையங்கள் கப்பலில் வந்த நிலக்கரியில் ஓடுகின்றன.

நிலக்கரி இல்லாமல் இந்த நிலையங்களைக் கட்டியிருக்க முடியுமா? முடியாது என்பதுதான் நேர்மையான பதில். ஆறு மாதம் மட்டும் ஓடி, மீதி ஆறு மாதம் சும்மா கிடக்கும் 82 பார் நிலையத்துக்கு யாரும் கடன் தரமாட்டார்கள். ஆனால் துணைக்கு வந்தது காலப்போக்கில் வீட்டுக்காரராகிவிட்டது. கரும்பு குறையக் குறைய, அதே நிலையத்தில் நிலக்கரி எரியும் நாட்கள் கூடின. மின் உற்பத்தியில் நிலக்கரியின் பங்கு சக்கையின் பங்கைப்போல் பல மடங்காக உயர்ந்தது. வெளியே இருந்து பார்ப்பவருக்கு அது இன்னமும் 'சக்கை மின் நிலையம்'.

மக்கள் இதைக் கவனிக்காமல் இல்லை. மேற்குக் கரையில் பாயிண்ட் ஓ காவ்ஸ் என்ற இடத்தில் நிலக்கரிக்கென்றே தனியாக ஒரு நிலையம் கட்டும் திட்டம் வந்தபோது பெரிய எதிர்ப்பு எழுந்தது. 2013 தொடக்கத்தில் ஓர் இளைஞர் அதற்கு எதிராக உண்ணாவிரதம் இருந்தார். அதையொட்டி அரசு தேசிய எரிசக்தி ஆணையம் ஒன்றை அமைத்தது. கடைசியில் திட்டம் கைவிடப்பட்டது. புதிய நிலக்கரி நிலையத்தைத் தடுத்தார்கள், சரி. பழைய நிலையங்களுக்குள் சத்தமில்லாமல் கூடிய நிலக்கரியைத் தடுக்க, கரும்பைக் காப்பாற்றியிருக்க வேண்டும்.

வயலில் நடந்தது

மொரீஷியஸின் கரும்பு வயல்களில் கருங்கல் குவியல்கள் வரிசையாக நிற்கும், சில ஆள் உயரத்தைப் பல மடங்கு தாண்டி, கூம்பு கூம்பாக. எரிமலை கக்கிய கற்கள் அவை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஒப்பந்தக் கூலிகளாக வந்து இறங்கிய இந்தியர்களும் அவர்களுக்கு முன் அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களும் கையால் பொறுக்கி அடுக்கியவை. 1870-களுக்குப் பிறகு தோட்ட முதலாளிகள் ஓரத்து நிலங்களைத் துண்டு போட்டு விற்றபோது, கூலிகளாக வந்தவர்களின் குடும்பங்கள் சேமிப்பைக் கொட்டி அவற்றை வாங்கின. அவர்களில் தமிழர்களும் இருந்தார்கள். அந்த நாட்டு ரூபாய் நோட்டில் இன்றும் தமிழ் எழுத்து இருக்கிறது. இப்படி உருவான சிறு விவசாயிகள் எண்பதுகளில் முப்பதாயிரத்துக்கு மேல். இன்று சுமார் பத்தாயிரம்.

ஏன் விட்டுப்போனார்கள் என்பதற்குப் பெரிய மர்மம் ஒன்றும் இல்லை. 1975-இன் லோமே ஒப்பந்தத்தின் கீழ் ஐரோப்பா மொரீஷியஸிடமிருந்து ஆண்டுக்கு ஐந்து லட்சம் டன் சர்க்கரையை உலகச் சந்தையைவிட நல்ல விலைக்கு வாங்கிவந்தது. 2006-இல் தொடங்கிய சீர்திருத்தத்தில் ஐரோப்பா அந்த விலையை 36% வெட்டியது. 2009-இல் பழைய ஏற்பாடே முடிந்தது. 2017-இல் ஐரோப்பாவின் உள்நாட்டு உற்பத்தி வரம்பும் நீங்கி, அங்கே பீட்ரூட் சர்க்கரை பெருகியது. ஒவ்வொரு அடியும் நேராக விழுந்தது அரை ஹெக்டேர், ஒரு ஹெக்டேர் வைத்திருந்தவர் மேல்தான்.

பெரிய தோட்டங்கள் கல்லை எடுத்து நிலத்தைச் சமன்படுத்தி, அறுவடை இயந்திரம் இறக்கின. சின்னத் துண்டில் இயந்திரம் திரும்பக்கூட இடமில்லை. கையால் வெட்ட ஆள் கிடைப்பதில்லை. கிடைத்தால் கூலி கட்டுப்படியாகாது. பிள்ளைகள் அரசு வேலைக்கும் ஓட்டல் வேலைக்கும் போய்விட்டார்கள். சிறு நிலங்களை ஒன்றுசேர்த்து, கல் அகற்றி, பாசனம் தரும் திட்டத்தை அரசு கொண்டுவந்தது. அது நல்ல திட்டம், அதன் கீழ் வந்த நிலங்கள் பலவும் பிழைத்தன. ஆனால் எல்லா நிலத்துக்கும் அது எட்டவில்லை. இன்னொரு பக்கம் 2002 முதல் வெளிநாட்டவர் சொகுசு வில்லா வாங்க வழிசெய்யும் திட்டம் வந்து, கடலோரக் கரும்பு நிலங்கள் சில கோல்ஃப் மைதானங்களாயின. எண்பதாயிரம் ஹெக்டேரை எட்டியிருந்த கரும்பு, பாதியாகச் சுருங்கியது. எண்பதுகளில் சுமார் இருபது ஆலைகள், இன்று மூன்று.

இங்கேதான் சக்கையின் விலை முக்கியமாகிறது. சர்க்கரையைப் பங்கிடுவதில் மொரீஷியஸில் தெளிவான விதி உண்டு: 78% விவசாயிக்கு, 22% ஆலைக்கு. சக்கைக்கு அப்படி ஒரு விதி இருக்கவில்லை. 1985-இல் அதற்கென ஒரு நிதி ஏற்படுத்தி ஒரு சிறு தொகை கொடுத்தார்கள். மின்சாரத்தின் மதிப்பு ஏறியபோது அந்தத் தொகை அதற்கேற்ப ஏறவில்லை. தங்கள் கரும்பின் சக்கையில் மின்சாரம் எடுத்து விற்கிறார்கள், தங்களுக்கு என்ன வருகிறது என்று சிறு விவசாயிகள் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். நியாயமான கேள்வி. சர்க்கரை விலை நன்றாக இருந்தவரை அந்தக் கேள்வியை ஒத்திப்போட முடிந்தது.

ஒருவழியாக 2021-இல், ஒரு டன் சர்க்கரை தரும் அளவு கரும்பின் சக்கைக்கு 3,300 மொரீஷியஸ் ரூபாய் என்று விலையை உயர்த்தினார்கள். விவசாயிகள் வரவேற்றார்கள். நானும் அதைச் சரியான முடிவு என்றே சொல்வேன். ஆனால் 2006-இல், ஐரோப்பா விலையை வெட்டிய அன்றே இது வந்திருக்க வேண்டும். பதினைந்து ஆண்டு தாமதத்தில் பல ஆயிரம் பேர் வயலை விட்டுவிட்டார்கள். முள்ளும் புதரும் ஏறிய நிலத்தை மறுபடி கரும்புக்குத் திருப்ப ஆகும் செலவு, இருந்த கரும்பைக் காப்பாற்ற ஆகியிருக்கும் செலவைவிட அதிகம்.

இலக்குகள்

2008-ஐ ஒட்டி 'மொரீஸ் இல் துராப்ல்' என்ற பெயரில் நிலைத்த தீவுக்கான திட்டம் அறிவிக்கப்பட்டது. பெட்ரோல், நிலக்கரி இறக்குமதி மீது ஒரு சிறு வரி விதித்து அதற்கு நிதி சேர்த்தார்கள். சின்ன நாட்டுக்கு இது நல்ல யோசனை. வெளிநாட்டு மானியத்தை மட்டும் நம்பாத உள்நாட்டு நிதி. ஆட்சி மாறியபோது திட்டத்தின் பெயரும் அமைப்பும் கலைந்தன. 2015-இல் புதுப்பிக்கத்தக்க எரிசக்தி முகமை ஒன்று சட்டப்படி உருவானது. 2021-இல் கிளாஸ்கோ காலநிலை மாநாட்டில் 60% இலக்கையும், 2030-க்குள் நிலக்கரியைக் கைவிடுவதையும் பிரதமர் அறிவித்தார்.

எரிசக்தி ஒரு அமைச்சகம், கரும்பு இன்னொன்று, நிலப் பயன்பாடு வேறொன்று. இலக்கு எரிசக்தி அமைச்சகத்தின் தாளில் எழுதப்படுகிறது. அதை நிறைவேற்றும் ஹெக்டேர்களோ வேளாண் அமைச்சகத்தின் கையில்; அவற்றை வில்லாவாக மாற்றும் அனுமதி மூன்றாவது மேசையில். இந்த மூன்றையும் ஒரே கணக்கில் கட்டிவைக்கும் விதி எதுவும் இல்லாமல் சதவீதம் மட்டும் ஏறியது.

பக்கத்துத் தீவு

மொரீஷியஸிலிருந்து 200 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூடுதலான தூரத்தில் ரியூனியன். அதே எரிமலை மண், அதே கரும்பு, புவா ரூஜ், லெ கோல் என்று அதே மாதிரி சக்கையும் நிலக்கரியும் மாறிமாறி எரித்த இரண்டு நிலையங்கள். 2023, 2024 ஆண்டுகளில் இரண்டிலும் நிலக்கரி நின்றது. அதன் இடத்தில் பெரும்பாலும் வட அமெரிக்காவிலிருந்து கப்பலில் வரும் மரத்துகள் உருண்டைகள்.

இதை முன்மாதிரியாகக் காட்டும்போது இரண்டு விஷயங்களை மறக்கக் கூடாது. ரியூனியன் பிரான்ஸின் ஒரு மாவட்டம். அங்கே மின் உற்பத்திக்கு ஆகும் கூடுதல் செலவை பிரான்ஸ் முழுக்கப் பகிர்ந்துகொள்கிறார்கள். தீவுக்காரர் பாரிஸ்காரர் கொடுக்கும் கட்டணமே கொடுக்கிறார். தனி நாடான மொரீஷியஸுக்கு அப்படித் தோள் கொடுக்க யாரும் இல்லை. இரண்டாவது, கப்பல் நிற்கவில்லை, அதன் சரக்குதான் மாறியது. இறக்குமதியைக் குறைப்பதற்காக உயிரி எரிசக்திக்குப் போன தீவு, உயிரி எரிபொருளையே இறக்குமதி செய்தால் விலை ஏற்ற இறக்கத்திலும் கப்பல் தாமதத்திலும் பழைய ஆபத்து அப்படியே இருக்கும். மொரீஷியஸிலும் மரச்சில்லு யோசனை பேசப்படுகிறது. கோடை மாதங்களை ஓட்ட ஓரளவு தேவைப்படலாம். அதையே முதல் தீர்வாக வைப்பது எனக்கு ஏற்புடையதாக இல்லை.

கரீபியனின் செயிண்ட் கிட்ஸ் 2005-இல் தன் சர்க்கரைத் தொழிலை மொத்தமாக மூடியது. சக்கை மின்சாரம் பற்றிப் பேச அங்கே இனி சக்கையே இல்லை. அதே பகுதியில் பெலீஸ் 2009-இல் டவர் ஹில் ஆலையில் சக்கை மின் நிலையத்தை இயக்கி நாட்டு மின்கட்டமைப்புக்கு விற்கத் தொடங்கியது. ஐரோப்பிய விலைவெட்டு இரண்டையும் தாக்கியது. ஆலை இயங்கும்போதே மின்சாரத்தை இரண்டாவது வருமானமாகச் சேர்த்த நாட்டுக்கு ஒரு பிடி கிடைத்தது.

இனி பார்க்க வேண்டியவை

கரும்புத் தோகை ஒன்று. அறுவடையில் வயலில் விழும் தோகையில் ஒரு பகுதியைக் கட்டுக்கட்டாகச் சுருட்டி நிலையத்துக்குக் கொண்டுவருகிறார்கள். பெல் வ்யூ நிலையம் சில ஆண்டுகளாக அதையும் சேர்த்து எரிக்கிறது. சக்கையைவிட ஈரம் குறைவு என்பதால் சேமிப்பும் எளிது. ஆனால் முழுவதையும் வாரிக்கொண்டு வந்தால் மண்ணின் ஈரமும் சத்தும் போகும், களை ஏறும். எவ்வளவு விட வேண்டும் என்பது மழை அதிகமுள்ள நடுமேட்டில் ஒரு அளவு, காய்ந்த வடக்கில் வேறு அளவு. தோகைக்குக் கொடுக்கும் விலை இந்த வேறுபாட்டைப் பார்க்க வேண்டும்.

அப்புறம், நார் அதிகமுள்ள கரும்பு ரகங்கள். ரெடுயியில் இருக்கும் கரும்பு ஆராய்ச்சி நிலையம் இதில் நெடுங்காலமாக உழைக்கிறது. சர்க்கரை கொஞ்சம் குறைந்தாலும் சக்கை கூடும் ரகத்தை விவசாயி நட வேண்டுமென்றால், சக்கையின் பணம் சர்க்கரையில் இழந்ததை ஈடுகட்ட வேண்டும். ஆராய்ச்சி நிலையத்தில் தயாராக இருக்கும் ரகம் வயலுக்குப் போகாததற்குப் பல நேரம் காரணம் இந்த விலைக் கணக்குதான்.

எல்லாவற்றுக்கும் மேல் அந்த 2021 விலை. ஒவ்வொரு பட்ஜெட்டிலும் அறிவிக்கிற தொகையாக அது இருக்கும்வரை யாரும் அதை நம்பிப் புதுக் கரும்பு நடமாட்டார்கள். ஒருமுறை நட்டால் ஏழெட்டு ஆண்டு மறுதாம்பு விட்டு எடுக்கும் பயிர் அது. ஆகவே மின் நிலையத்தின் ஒப்பந்தத்திலேயே சக்கையின் விலையை ஒரு யூனிட்டுக்கு இவ்வளவு என்று எழுதி, மின்சார விலை ஏறும்போது அதுவும் ஏறும்படி கட்டி, சர்க்கரைக்கு இருக்கும் 78, 22 போல ஒரு பங்கீட்டுச் சட்டமும் கொண்டுவர வேண்டும். பழைய ஒப்பந்தங்கள் ஒவ்வொன்றாக முடிந்து, நிலக்கரியை நிறுத்துவதற்கான புதிய ஒப்பந்தங்கள் பேசப்படும் காலம் இது. அந்த மேசையில் வாரியமும் மூன்று ஆலைகளும் உட்காரும்போது, விவசாயிகளின் கூட்டுறவுச் சங்கங்களுக்கும் ஒரு நாற்காலி போடச் சட்டத்தில் எந்தத் தடையும் இல்லை.